வடக்கு வாசல் சாவி

பொன்னப்ப வாத்தியாரின் நாடக சபையில் யாருக்கும் முழு நாடகத்தைச் சொல்லிக்கொடுப்பதில்லை. அவரவர் பாடம் அவரவருக்கு. வாத்தியார் ஒவ்வொரு நடிகரையும் தனியாக உட்காரவைத்து, அவர் பேச வேண்டியதை மட்டும் சொல்லித்தருவார். முன்னால் பேசுகிறவரின் பேச்சில் கடைசி இரண்டு சொற்களையும் சேர்த்துக் கொடுப்பார். அவை காதில் விழுந்ததும் இவர் தொடங்க வேண்டும். அடுத்தவர் பாடத்தைக் கேட்பது பந்தியில் அடுத்தவர் இலையை எட்டிப் பார்ப்பதுபோல. யாரும் கேட்பதில்லை.

கோமதிநாயகம் அந்தச் சபையின் ராஜபார்ட். நாற்பது வயதை நெருங்கியவன். நல்ல உயரம், கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டும் குரல். 'வெண்கொற்றன் வெற்றி' என்ற பழைய நாடகத்தில் மூன்று வருடமாக அவன்தான் வெண்கொற்ற மகாராஜா.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் அவன் வாத்தியாரிடம் வந்தான். அவர் கிரீடத்திலிருந்து உதிர்ந்த கண்ணாடிக் கற்களைப் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தார்.

"வாத்தியாரே, ஒரு சந்தேகம்."

"கேளு."

"சாகப்போறவன் கெஞ்ச வேண்டாமா?"

"யாரு சாகப்போறா?"

"மந்திரி அறவாழி. எதிரிக்கு வடக்கு வாசலத் திறந்துவிட்ட துரோகி. நான் அவனுக்குத் தலைய வாங்கச் சொல்லித் தீர்ப்புக் குடுக்கேன். அவன் கால்ல விழ வேண்டாமா? பூவலிங்கம் நிக்கதப் பாத்திருக்கீங்களா? கல்யாண வீட்டுல பந்திக்கு நிக்கவன் மாதிரி நிக்கான்."

"அவன் பாடத்துல கெஞ்சல் இல்ல."

"இல்லாட்டி என்ன? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரக்கூடாதா? அதுவும் போகட்டும். என்னயப் பாத்துப் பரிதாபப்படுத மாதிரி பாக்கான். சிம்மாசனத்துல இருக்கது நானா அவனா? பக்கத்துல இளவரசன் வேற, குளிர்சுரம் வந்தவன் மாதிரி நடுங்குதான். எங்காட்சியவே கெடுக்காங்க."

வாத்தியார் ஒரு பச்சைக் கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ஜனங்க என்ன செய்யுதாங்க?"

"ஜனங்களுக்கு விவரம் தெரியுது. நான் தீர்ப்புச் சொன்னதும் 'அடப் பாவி'ன்னு சத்தம் போடுதாங்க. போன ஊர்ல ஒருத்தன் செருப்பையே எறிஞ்சான். குறி தப்பி எங்கால்கிட்ட வந்து விழுந்துட்டு."

"அப்படியா?"

"ஆமா. அதனால சொல்லுதேன். பாடத்த மாத்துங்க. இல்லேன்னா ஆள மாத்துங்க. பூவலிங்கம் இருக்க மேடையில இனிமே நான் ஏற மாட்டேன். மதுரை சபைக்காரங்க என்னய எப்போ வாறன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அறவாழி வேஷம் கட்டும் பூவலிங்கத்துக்கு ஐம்பது கடந்துவிட்டது. என்றோ வந்த ஒரு காய்ச்சலில் குரல் உடைந்துபோயிற்று. இந்தச் சபையை விட்டால் வேறு எந்தச் சபையும் அவரைச் சேர்த்துக்கொள்ளாது. இது கோமதிநாயகத்துக்கும் தெரியும்.

"ஏன் இப்படி நிக்கன்னு அவன்கிட்டக் கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? கண்ணால பாக்கேனே."

"இது உன் தீர்ப்பா?"

"ஆமா."

வாத்தியார் கல்லை ஒட்டினார். அது காயும்வரை விரலால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

"சரி. ஞாயித்துக்கிழமை பகல் ஆட்டத்துல ராஜா வேஷத்த நான் கட்டுதேன். நீ முன்னால தரையில உக்காந்து ஆட்டத்தப் பாரு. அவன் நிக்க லட்சணம் அங்கேருந்து பாத்தாத்தான் தெரியும்."

கோமதிநாயகத்துக்கு மனம் நிறைந்தது. ராஜாவின் இடத்தில் நின்று பார்த்தால் வாத்தியாருக்கே புரிந்துவிடும் என்று நினைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெயில் கடுமை. கொட்டகையின் ஓலைச் சந்துகள் வழியாக வெளிச்சம் துண்டு துண்டாக ஆட்களின் தலையில் விழுந்தது. கோமதிநாயகம் தலையில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு தரை டிக்கெட் கூட்டத்தில் உட்கார்ந்தான். அரிதாரம் இல்லாத அவன் முகத்தை ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்.

பக்கத்தில் ஒரு பெண் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு, மேடையைப் பார்த்தபடியே பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பெயர் மாடத்தி என்று பின்னாலிருந்து யாரோ கூப்பிட்டதில் தெரிந்தது.

"அண்ணாச்சி, கொஞ்சம் நவுந்து இரிங்க. ராசா வந்தா மறைக்கும்."

"முன்னாடி பாத்திருக்கியா இந்த நாடகம்?"

"போன வாரம் பாத்தேன். அதுக்கு முந்தின வாரமும் பாத்தேன். பாத்துட்டுப் போயி ராத்திரி பூரா அழுவேன். பொறவும் வந்துருவேன்."

"எதுக்கு அழணும்? வெற்றி நாடகம்லா?"

அவள் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு திரை விலகியது.

முதல் காட்சி அவன் காட்சி. ராஜா போருக்குப் புறப்படுகிறார். வாத்தியார் கிரீடத்தோடு நின்று, கோமதிநாயகத்தின் வசனங்களை அவன் பேசும் வேகத்திலேயே பேசினார்.

"கோட்டை வாசலை எதிரிக்குத் திறந்தவன் எவனாயினும் அவன் தலை உருளும். நான் பெற்ற பிள்ளையே ஆனாலும் சட்டம் ஒன்றே!"

இந்த இடத்தில் கோமதிநாயகத்துக்கு எப்போதும் கைதட்டல் விழும். இன்று வாத்தியாருக்கும் விழுந்தது. அடுத்து ராஜா சாவிக் கொத்தை அறவாழியிடம் கொடுக்கிறார். சின்னப் பையனான இளவரசனின் கையையும் பிடித்து அவர் கையில் வைக்கிறார்.

"கோட்டை போனால் கட்டிக்கொள்வேன். மகன் போனால் எங்கே போவேன்? இவனை உன்னிடம் ஒப்படைக்கிறேன்."

மூன்று வருடமாகச் சொன்ன வசனம். வேறொருவர் வாயில் கேட்கும்போது புதிதாக இருந்தது.

ராஜா உள்ளே போனார். இனி ராஜாவுக்கு வேலை இல்லை. போர்க்கோலத்தைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, அரிதாரத்தைப் புதிதாகப் பூசி, தர்பார் உடை உடுத்த வேண்டும். அதற்கு ஒரு நாழிகைக்குமேல் ஆகும். உடை மாற்றுகிற இடம் கொட்டகைக்குப் பின்னால், முற்றத்தைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. மற்றவர்கள் தங்கள் முறை வரும்வரை பக்கத் தட்டி ஓரம் நின்று எட்டிப் பார்ப்பார்கள். ராஜபார்ட்டுக்கு மட்டும் அது வாய்க்காது. எனவே இதற்குப் பிறகு வந்ததையெல்லாம் கோமதிநாயகம் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தான்.

எதிரியின் ஒற்றன் குதிரை வியாபாரி வேஷத்தில் வந்தான். அவன் செய்த சேட்டைக்குக் கொட்டகை சிரித்தது. அந்தச் சிரிப்பு அவனுக்குத் தெரிந்த சிரிப்பு. தகரக் கொட்டகையில் தினமும் கேட்டிருக்கிறான். பபூன் காட்சி என்று நினைத்திருந்தான். ஒற்றன் இளவரசனுக்கு ஒரு வெள்ளைக் குதிரை தருவதாகச் சொன்னான். பிறகு, ஓரத்தில் தூங்கும் மந்திரியின் பக்கம் கையைக் காட்டி, அவன் காதோடு ஏதோ பேசினான். திரை விழுந்தது. உள்ளே வாள் சத்தமும் அலறலும் கேட்டு, ஓய்ந்தன.

திரை விலகியபோது பின்னால் வடக்கு வாசல் வரைந்த படுதா தொங்கியது. அதன் கீழே இளவரசன் சுருண்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையில் சாவிக் கொத்து.

கோமதிநாயகத்துக்குப் பதற்றமாயிற்று. மேடைச் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன் ஆளை மாற்றிக் கொடுத்துவிட்டான் என்று நினைத்தான். சாவி அறவாழியின் இடுப்பில் அல்லவா இருக்க வேண்டும்? எழுந்து, பக்கத் தட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

மாடத்தி அவன் வேட்டியைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள்.

"என்ன அண்ணாச்சி? நல்ல கட்டத்துல எந்திச்சு நின்னுக்கிட்டு!"

"சாவி மாறிட்டு. மந்திரிகிட்ட இருக்கணும்."

"எங்க மாறிட்டு? வெள்ளக் குதிர வேணும்னு அந்தப் பயலே எடுத்துட்டான். மந்திரி அசந்து தூங்கையில உருவிட்டுப் போயி வாசலத் திறந்துட்டான். அவம்லா திறந்தான்!"

"யாரு?"

"ராசா மவன்தான். வேற யாரு?"

ஆர்மோனியம் நின்றது. இந்த இடத்தில் அது நிற்பதும் அவனுக்குத் தெரியும். ஆர்மோனியக்காரர் சோடா குடிக்கும் நேரம் என்று நினைத்திருந்தான்.

பூவலிங்கம் மேடைக்கு வந்தார். அந்தக் காட்சியில் பேச்சே இல்லை. அவர் இளவரசனின் முன்னால் மண்டியிட்டார். இறுகி மூடிய கையை ஒவ்வொரு விரலாகப் பிரித்தார். சாவியை எடுத்தார். தன் அங்கவஸ்திரத்தால் அந்தச் சின்னக் கையைத் துடைத்தார். சாவியின் துரு கொஞ்சமும் இல்லாதபடி, நகக்கண் முதல் துடைத்தார். பிறகு சாவிக் கொத்தைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டு, இளவரசனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மாடத்தியின் கையில் பீடி இலை பாதி சுற்றியபடி நின்றது.



அடுத்தது தர்பார். வாத்தியார் சிம்மாசனத்தில் அமர்ந்தார். இளவரசன் பக்கத்தில் நின்று நடுங்கினான். அறவாழியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"சாவி யார் இடுப்பில் இருந்தது?"

"என் இடுப்பில்."

"வாசலைத் திறந்தவர் யார்?"

பூவலிங்கம் பேசவில்லை. ராஜாவைப் பார்த்தார். கோமதிநாயகம் தினமும் வெறுத்த அந்தப் பார்வை. முன்னாலிருந்து பார்க்க அது வேறு மாதிரி இருந்தது. தூங்குகிறவனை எழுப்பாமல் கடந்து போகிறவனின் பார்வை.

"உன் மௌனமே சாட்சி! இவன் தலையை வாங்குங்கள்!"

"அடப் பாவி!" என்று கொட்டகை கத்தியது.

கோமதிநாயகம் திரும்பிப் பார்த்தான். எல்லாக் கண்ணும் சிம்மாசனத்தின் மேல் இருந்தது. எல்லாக் கையும் ராஜாவை நோக்கி நீண்டிருந்தது. பின்வரிசையில் ஒருவன் எழுந்து நின்று, "கூறுகெட்ட ராசா, உன் பக்கத்துல பாருவே!" என்று அழுதுகொண்டே கத்தினான்.

அவனுக்குச் செருப்பு ஞாபகம் வந்தது. அது குறி தப்பவில்லை.

அறவாழிக்கு அந்தக் காட்சியில் இன்னும் ஒரே ஒரு வசனம் உண்டு.

"அரசே, தாங்கள் ஒப்படைத்தது பத்திரமாக இருக்கிறது."

கஜானாவைச் சொல்கிறான், சாகும்போதும் திமிர் என்று கோமதிநாயகம் நினைத்திருந்த வசனம். மாடத்தி அவன் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். யார் கை என்பது அவளுக்கே தெரியவில்லை. நகம் பதிந்தது. அவன் கையை எடுக்கவில்லை.

கடைசிக் காட்சியில் ராஜா இளவரசனுக்கு முடி சூட்டினார். பேரிகை முழங்கியது. கொட்டகை முழுவதும் விசும்பல். ஆனந்தக் கண்ணீர் என்று தினமும் அவன் கைகூப்பி வாங்கிக்கொண்ட அழுகை. ராஜா கைகூப்பிச் சிரித்தார். திரை விழுந்தது. அந்த ராஜாவுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை.

மாடத்தி முறத்தை எடுத்துக்கொண்டு மூக்கைத் துடைத்தாள்.

"இன்னைக்கு ராசா சரியில்ல அண்ணாச்சி."

"ஏன்?"

"இந்தப் பெரியவரு எல்லாம் தெரிஞ்சு பேசுத மாதிரி பேசுதாரு. வழக்கமா ஒருத்தன் வருவான். அவந்தான் ராசா! ஒரு எழவும் தெரியாம என்னா மிதப்பா நிப்பான் தெரியுமா? பாத்தாலே நாலு சாத்து சாத்தணும்போல இருக்கும்."

அவள் போய்விட்டாள். அவன் எழுந்து முற்றத்தைத் தாண்டி நடந்தான்.

தகரக் கொட்டகை வாசலில் பூவலிங்கம் தன் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்து, தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெட்டி கயிற்றால் கட்டப்பட்டிருந்தது. மந்திரி உடுப்பு மடித்துக் கொடியில் கிடந்தது.

"எங்க கிளம்பிட்டீங்க?"

"தங்கச்சி வீட்டுக்கு. அஞ்சரை பஸ்ஸு."

"யாரு போகச் சொன்னா?"

"நீதான். காலைல வாத்தியாரு சொன்னாரு. ராஜா தீர்ப்பு, இன்னைக்கு ஆட்டத்தோட சரின்னாரு."

கோமதிநாயகம் கொடியில் கிடந்த மந்திரி உடுப்பைப் பார்த்தான். காலையிலேயே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் இந்த மனிதர் அந்தக் கையை அவ்வளவு நேரம் துடைத்திருக்கிறார்.

"அண்ணாச்சி." அப்படி அவரை அவன் கூப்பிட்டதே இல்லை. "எங்கிட்ட வந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா தீர்ப்ப மாத்தியிருப்பியாக்கும்?" பூவலிங்கம் சிரித்தார். எண்ணெய் வழிந்த முகத்தில் பாதி மந்திரி இருந்தார். "விடுவே. நானும் ஒரு காலத்துல அந்தக் கிரீடத்தச் சொமந்தவன்தான். உன்னய விட மிதப்பா நிப்பேன்."

"நீங்களா?"

"ஒரு நாளு காய்ச்சல். வேற ஆள் வேஷம் கட்டுனான். நான் முன்னால படுத்துக்கிட்டு ஆட்டத்தப் பாத்தேன். காய்ச்சல் போச்சு, குரலும் போச்சு. குரல் இருந்திருந்தாலும் பொறவு அந்தத் தீர்ப்பச் சொல்லியிருக்க மாட்டேன். கிரீடத்த எடுத்து வாத்தியாரு கையில குடுத்துட்டேன். மந்திரி வேஷம் குடுங்க, இல்லாட்டி அடுப்படியில போடுங்கன்னேன்."

"அதான் என்னய அப்படிப் பாத்தீங்களா?"

பூவலிங்கம் இன்னும் கொஞ்சம் எண்ணெய் தொட்டுக்கொண்டார். காதுமடலில் ஒட்டியிருந்த அரிதாரத்தைத் துடைத்தார்.

கோமதிநாயகம் உள்ளே ஓடினான். வாத்தியார் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்.

"வாத்தியாரே, அவர நிப்பாட்டுங்க."

"தீர்ப்புச் சொன்னது நீ."

"தெரியாமச் சொன்னேன்."

"ராஜாவும் தெரியாமத்தான் சொன்னாரு."

"மூணு வருசம்! சபையில அத்தன பேருக்கும் தெரியும். எனக்கு ஒருத்தரும் சொல்லலையே. நீங்களாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?"

"ராஜாவுக்கு யாரு சொன்னா?"

கோமதிநாயகம் வாசலைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க திரை விழுந்துட்டு," என்றார் வாத்தியார். "இங்க பஸ்ஸு இன்னும் வரல."

அவன் வெளியே போனான். பூவலிங்கம் எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார். கோமதிநாயகம் குனிந்து பெட்டியைத் தூக்கித் தன் தோளில் வைத்தான்.

"என்னவே இது? பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்."

அவன் இந்தப் பக்கம் நடந்தான். பெட்டியை உள்ளே கொண்டுவந்து, பூவலிங்கம் எப்போதும் வைக்கும் மூலையில் இறக்கினான். கயிற்று முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தான். பூவலிங்கம் வாசலில் நின்று பார்த்தார். பஸ்ஸின் ஹாரன் கேட்டது. பிறகு அது போகும் சத்தமும் கேட்டது. அவர் உள்ளே வந்து, கொடியில் கிடந்த மந்திரி உடுப்பை எடுத்து உதறி, மறுபடி மடித்துப் பெட்டிமேல் வைத்தார்.

கோமதிநாயகம் வாத்தியாரின் முன்னால் தரையில் உட்கார்ந்தான். முழங்கையில் நான்கு நகத்தின் தடம் சிவந்திருந்தது.

"எனக்கும் வேற பாடம் குடுங்க வாத்தியாரே. காவக்காரன் வேஷம் போதும்."

"ஏன்?"

"இனிமே அந்தத் தீர்ப்ப என்னால சொல்ல முடியாது. இளவரசன் ஏன் நடுங்குதான்னு தெரியும். சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னு தெரியும். எல்லாந் தெரிஞ்சுபோச்சு. அண்ணாச்சியால முடியல. உங்களாலயே முடியலன்னு பக்கத்துல இருந்த பொம்பள சொல்லுதா."

வாத்தியார் வாய்விட்டுச் சிரித்தார்.

"சரியாத்தான் சொல்லியிருக்கா."

பிறகு அந்தப் பச்சைக் கல் உறுதியாக ஒட்டியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, கிரீடத்தை அவன் கையில் வைத்தார்.

"இத்தன நாளும் நீ ராஜாவா இருந்த. நாளைலேருந்து நடி."